வலது பக்க விளக்கு

கழட்டாதீங்க தம்பி, கழட்டாதீங்க. அந்த பெல்ட்டை மாட்டுறதுக்கு உங்க ஆளுங்க ரெண்டு பேர் எப்படி மல்லுக்கட்டினாங்கன்னு பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அதுவும் போக, வரிசையில நிக்கிற வண்டியை விட்டு எறங்கினாக் கடைசிக்குத் தள்ளிடுவாங்க. நீங்க முதல் வரிசை. மஞ்ச வண்டிக்காரரை விட ரெண்டே ரெண்டு புள்ளி முன்னாடி. இன்னைக்கு ஒழுங்கா ஓட்டி முடிச்சா இந்த சீசன் கார் ரேஸ் கோப்பை உங்க கையில. என்னோட பேசறதுக்காக அதையெல்லாம் விட்டுட்டு எறங்குவீங்களா என்ன? உக்காருங்க.

ஹெல்மெட்டும் இருக்கட்டும். நான் பேசறது கேக்குதில்ல? கேட்டாத் தலையை ஆட்டுங்க. ம். போதும். நீங்க பேசணும்னு இல்ல.

உங்க ஆளுங்களா? டீ குடிக்கப் போயிருக்காங்க. நான்தான் அனுப்பினேன். பனி விலக இன்னும் நேரமாகும், வண்டிகிட்ட நான் நிக்கறேன், போயிட்டு வாங்கடான்னேன். அக்கா சொன்னா இங்க யாரு மறுத்துப் பேசுவா? உங்க தலைமை மெக்கானிக் எனக்கும் ஒரு டீ கொண்டு வரேன்னார். வேண்டாம்னுட்டேன். காலையிலேருந்து தண்ணிகூட அளவாத்தான். இன்னைக்கு வேண்டாம்.

ஏன் டேஷ்போர்டையே பாக்கறீங்க? ஓ. அதுவா. இல்ல தம்பி. உங்க வண்டியில நான் கை வைக்கல. சீசன் ஆரம்பத்துல உங்களுக்கு முன்விளக்கு மாட்டிக் குடுத்தேனே, அதோட சரி. இந்த வரிசையில நிக்கிற பாதி வண்டிக்கு ஒயரிங் நான் போட்டது. ஒரு ஒயரைக் கிள்ளி விடறது எனக்குப் பெரிய வேலையா? ஆனா அது என் தொழில். சோறு போடற கையால அந்த மாதிரி காரியம் பண்ணமாட்டேன். மூச்சை நிதானமா விடுங்க, ஹெல்மெட் கண்ணாடியில ஆவி படியுது பாருங்க.

அங்க பாருங்க, தண்ணித்தொட்டி. தலை மட்டும் தெரியுது. காலே இல்லாம பனிக்கு மேல மிதக்கற மாதிரி இல்ல? தொட்டியோட கால் தெரிஞ்சாத்தான் கொடி காட்டுவாங்க. தொட்டிக்குக் கீழ இருக்கிற வளைவு தெரியாம யாரையும் விடக்கூடாதுன்னு இப்ப புதுசா ஒரு கவனம் வந்திருக்கு. போன ரேஸ்ல இல்லாத கவனம்.

நேத்து சின்னவன் பொண்டாட்டி கேட்டா. நான் இங்க எல்லாரையும் தம்பின்னு கூப்புடறதால, என் கூடப் பொறந்தவனுக்குத் தனியா ஒரு பேரு வேணுமில்ல, அவன் சின்னவன். அவ கேட்டா, ஏன் அண்ணி, பெரிய வண்டியையும் சின்ன வண்டியையும் ஒரே பாதையில ஏன் விடறாங்க, தனித்தனியா விட்டா என்னன்னு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இதை அவ கேட்டதே இல்ல. இப்பத்தான் கேக்கறா. என்னத்தைச் சொல்றது? நம்ம பக்கத்துல அவ்வளவு வண்டி கிடையாதும்மா, பெரிய வண்டியை மட்டும் விட்டா மைதானம் காலியா இருக்கும், அதனால மூணு வகையையும் ஒண்ணா விடறாங்க, ஒரு ரேஸுக்குள்ள மூணு ரேஸ் நடக்கும்னேன். பெரிய வண்டி சின்ன வண்டியோட போட்டி போடாது, ஆனா தாண்டிப் போகணும். நாலு ரவுண்டுக்கு ஒருதரம் முதுகுல வந்து நிக்கும்னேன். அப்புறம் சொல்றா, அப்ப அவரோட போட்டியே இல்லாதவங்கதான் அவரை இடிச்சிருக்காங்கன்னு.

எனக்கு இத்தனை வருஷமா அப்படி ஒரு வாக்கியம் தோணலை பாருங்க.

சின்னவனுக்கு இங்க என்ன பட்டப்பேருன்னு தெரியுமில்ல? மரியாதை. என்னப்பா மரியாதை, இன்னைக்கு எத்தனை பேருக்கு வழி விட்டேன்னு கிண்டல் பண்ணுவாங்க. விதி என்ன சொல்லுது? சின்ன வண்டி தன் பாதையிலேயே போகணும், ஒதுங்கக் கூடாது, தாண்டறவன்தான் வழி கண்டுபிடிக்கணும். அது அவனுக்கும் தெரியும். ஆனா தொட்டி வளைவு வேற மாதிரி. குறுகல். மேடு ஏறி எறங்கின உடனே வளைவு. பின்னாடி வர்றவனுக்கு முன்னாடி இருக்கறவன் என்ன பண்ணுவான்னு யோசிக்க நேரமே இல்ல. அதனால அவனாவே ஒரு பழக்கம் வெச்சிருந்தான். சின்ன வண்டியெல்லாம் ரோட்டுல ஓடற வண்டிதானே, இண்டிகேட்டர் அப்படியே இருக்கும். மேட்டுல ஏறும்போதே வலது பக்க விளக்கைப் போட்டுடுவான். வலது பக்கம் உனக்கு, நான் இடது பக்கம் ஒதுங்கிடறேன்னு அர்த்தம். எழுதி வெச்ச விதி இல்ல. வாய் வார்த்தை. ஒவ்வொரு சீசனும் பெரிய வண்டிக்கு யாரு புதுசா வந்தாலும் முதல் ரேஸுக்கு முன்னாடி தேடிப்போய்க் கை குடுத்துச் சொல்லிட்டு வருவான்.

உங்ககிட்டயும் வந்தான். நான் கூட இருந்தேன். நீங்க இந்த வருஷந்தான் பெரிய வண்டிக்கு மாறியிருந்தீங்க. கையுறை கூடப் புதுசு, விலைச் சீட்டு பிய்க்காம இருந்துச்சு, சின்னவன்தான் பிச்சுக் குடுத்தான். நினைவிருக்கா? விளக்கு விஷயத்தைச் சொன்னதும் நீங்க சிரிச்சீங்க. ரேஸுக்கு வந்துட்டு ரோட்டுல போற மாதிரி சிக்னல் போடறீங்களே அண்ணேன்னீங்க. அவனும் சிரிச்சான். வீட்டுக்கு முழுசாப் போகணுமே தம்பின்னான்.

ரெண்டாவது ரேஸ்ல மழை. நீங்களே சொன்னீங்க, அண்ணே, முன்னாடி ஒண்ணுமே தெரியல, உங்க விளக்கு மட்டும் தெரிஞ்சுது, அதைப் பிடிச்சுக்கிட்டே போனேன், இன்னைக்கு ஜெயிச்சது உங்களாலதான்னு. எல்லாரும் கேக்கச் சொன்னீங்க. சின்னவனுக்கு அன்னைக்குப் பெருமை தாங்கலை. சின்ன வண்டிக்காரங்கள்ல அவன் கடைசிக்கு முந்தின ஆளு. ஆனா வீட்டுக்கு வந்து ஏதோ அவனே கோப்பை வாங்கின மாதிரி, அக்கா, நம்ம விளக்கைப் பிடிச்சுப் போயி ஜெயிச்சிருக்காருக்கான்னு குதிச்சான். மழையில தெரிஞ்ச விளக்கு அது. அதை மட்டும் மறந்துடாதீங்க.

என்ன, அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க? அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல தம்பி. பனிதான்.

மூணாவது ரேஸ் கிடக்கட்டும். நாலாவதுக்கு வரேன். அன்னைக்கு வெயில். நல்ல வெயில். நான் வழக்கம்போல மேல மேடையில நின்னு ரேடியோவுல அவன் காதுல சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்களும் மஞ்ச வண்டிக்காரரும் வர்றீங்க. பின்னாடி ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டு வராங்கடா, மேட்டுக்கிட்டப் புடிச்சிடுவாங்கன்னேன். சரிக்கான்னான். அப்புறம் எப்பவும் சொல்றதைச் சொன்னான், விளக்குப் போட்டுட்டேன்க்கா. அதான் அவன் கடைசியா ஒழுங்காப் பேசின பேச்சு. அதுக்கப்புறம் அவன் பேசினது எதுவும் பேச்சுல சேத்தி இல்ல.

நீங்க வலது பக்கமாத்தான் போயிருக்கணும். ஆனா வலது பக்கத்துல மஞ்ச வண்டி மூக்கை நுழைச்சிடுச்சு. ப்ரேக்கை மிதிச்சா ஒரு இடம் போயிடும். மிதிக்கலை. இடது பக்கம் பாஞ்சுட்டீங்க. அங்கதான் அவன் உங்களுக்கு வழி விட்டுட்டு ஒதுங்கிப் போயிக்கிட்டிருந்தான். சொன்ன வாக்குப்படி.

மேல நின்னு பாத்தா அது ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சுது தம்பி. யாரோ மேஜையிலேருந்து ஒரு தீப்பெட்டியைத் தட்டி விட்ட மாதிரி. சத்தம் அப்புறமாத்தான் வந்துச்சு.

விசாரணையில நீங்க என்ன சொன்னீங்க? நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன், கதவு சரியாச் சாத்தலை, எல்லாம் கேட்டுச்சு. விளக்கு எரியல, திடீர்னு இடது பக்கம் வெட்டிட்டாருன்னு சொன்னீங்க. கொடி காட்டற பெரியவர் அந்த நேரம் பாத்துக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருந்தாராம். மஞ்ச வண்டிக்காரர் உங்களைப் பாத்தாரே தவிர விளக்கைப் பாக்கலையாம். உங்க வண்டிக் கேமரா அன்னைக்குன்னு பாத்து ஓடலை. நான் உள்ள போயி, விளக்குப் போட்டுட்டேன்னு என் காதுல சொன்னான்யான்னேன். ரொம்ப மரியாதையாக் கேட்டுக்கிட்டாங்க. கூடப் பொறந்தவங்க, அப்படித்தான் சொல்வாங்கன்னு ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட மெதுவாச் சொன்னதும் கேட்டுச்சு. முடிவு என்னன்னா, சின்ன வண்டிக்காரர் அறிவிப்பில்லாமல் பாதை மாறியதே காரணம். பலகையில ஒட்டினாங்க. வெயில்ல மங்கிப் போச்சு, ஆனா இன்னும் இருக்கு. மரியாதைன்னு பேரெடுத்தவன், அறிவிப்பில்லாம மாறிட்டானாம்.

நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க, நல்லது. பூங்கொத்து வாங்கிட்டு வந்து கதவுக்கிட்டயே நின்னீங்க. உள்ள வாங்கன்னேன், வரலை. அக்கா, எனக்கு வெளிச்சமே தெரியலக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. அப்பக்கூட நான் யோசிச்சேன், ஒருவேளை நெஜமாவே தெரியலையோ. நான் மாட்டின பல்பாச்சே. லூசா இருந்துச்சோ, என் வேலைதான் சரியில்லையோன்னு எத்தனை நாள் சோறு எறங்கல தெரியுமா எனக்கு?

இப்ப எப்படி இருக்கானா? இதைக் கேக்கறதுக்கு இவ்வளவு நேரமாச்சே உங்க கண்ணுக்கு. இருக்கான். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். ஊட்டி விட்டாச் சாப்பிடறான். யாரையும் அடையாளம் தெரியுதான்னு சொல்லத் தெரியல. ஒண்ணு மட்டும் பண்றான். தெருவுல ஏதாவது வண்டி போச்சுன்னா, படுக்கையில இடது பக்கமா நகர்றான். பைக்கு போனாக் கொஞ்சம். லாரி போனா நல்லா நகர்ந்து, ஒருதரம் கீழயே விழுந்துட்டான். இப்பக் கட்டிலைச் சுவத்தோட ஒட்டிப் போட்டிருக்கோம். வண்டிச் சத்தம் கேட்டா நகர்ந்து போயி சுவத்துல முகத்தை வெச்சுக்கறான். போனதுக்கப்புறம் மெதுவாத் திரும்பி வரான். எங்க தெரு பெரிய தெரு தம்பி. நாள் பூரா வண்டி. அவன் நாள் பூரா வழி விட்டுக்கிட்டே இருக்கான்.

பாருங்க, தொட்டிக்கு இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. உங்க ஆளுங்க வந்துடுவாங்க. நான் வந்த விஷயத்தைச் சொல்லிடறேன்.

இது என்னன்னு பாருங்க. பயப்படாதீங்க, மாத்திரை டப்பாதான். உள்ள பஞ்சு. பஞ்சு மேல பல்பு. நொறுங்கின வண்டியைப் பிரிச்சப்ப எடுத்தேன், இடது பக்கம் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஆயிடுச்சு, வலது மூலை மட்டும் எப்படியோ தப்பிச்சுது. கண்ணாடி கூட உடையல. உங்க ஹெல்மெட்டுக்குக் கிட்டக் கொண்டு வரேன், உள்ள இருக்கிற கம்பியைப் பாருங்க. தலைமுடி மாதிரி நீளமா இழுத்துக்கிட்டுத் தொங்குது இல்ல? பல்பு எரியாம இருக்கும்போது அடி பட்டா அந்தக் கம்பி பட்டுனு முறியும், குச்சி மாதிரி. எரியும்போது அடி பட்டா அது சூட்டுல எளகி இருக்குமில்ல, முறியாது. இப்படி இழுத்துக்கும். என் தொழில்ல இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. நீங்க இடிச்ச நேரத்துல இது எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு தம்பி.

இல்ல, விசாரணைக்காரங்ககிட்டக் காட்டல. யார்கிட்டயும் காட்டல. காட்டினா என்ன ஆகும்? புள்ளியைக் குறைப்பாங்க. ஒரு வருஷம் ஓட்டக்கூடாதும்பாங்க. நீங்க போயி வேற எங்கயாவது ஓட்டுவீங்க. பல்பு அப்படிச் சொல்றதும் நீங்களா வாயைத் திறந்து சொல்றதும் ஒண்ணா? அவன் உங்களுக்குக் கையைத்தானே குடுத்தான், பல்பையா குடுத்தான்?

அதனால உங்ககிட்டயே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். இங்க யாருமில்ல. நீங்க பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க. அன்னைக்கு அந்த விளக்கு எரிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சும் போனீங்களா? ஆமான்னா மேலயும் கீழயும். அவ்வளவுதான். ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா, நீங்க போயி அந்தப் பலகையில இருக்கறதைக் கிழிச்சுப் போடற வரைக்கும் கூட நான் காத்திருக்க மாட்டேன். இந்தப் பல்பை இங்கயே போட்டு மிதிச்சுட்டு, வீட்டுக்குப் போயி அவன் காதுல சொல்லிட்டுச் சும்மா இருந்துடுவேன்.

யோசிங்க. பனி இன்னும் இருக்கு.

இல்லையா?

இன்னொருதரம் ஆட்டுங்க, கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது, சரியாத் தெரியல. ம். இல்ல. தெரிஞ்சுக்கிட்டேன். சரி.

சரி தம்பி. இதை பஞ்சுல வெச்சு மூடிக்கறேன்.

உங்க ஆளுங்க வர்றது தெரியுது, கையில உங்களுக்கும் ஒரு கப் வெச்சிருக்காங்க பாருங்க, ஹெல்மெட் போட்டவன் எப்படிக் குடிப்பான்னு கூட யோசிக்காம. நல்ல பசங்க. தொட்டிக்குக் காலும் வந்துடுச்சு. அங்க கொடியை உதறறாங்க.

நானா? நானும் கெளம்ப வேண்டியதுதான். கடைசி வரிசைக்கு நடக்கணுமே. பின்னாடி உங்களால திரும்பிப் பாக்க முடியாது, பெல்ட்டு விடாது. சின்னவனோட சாம்பல் கலர் வண்டி நிக்குது. இன்னைக்கு ஓட்டறவங்க பட்டியல்ல வண்டி நம்பர் மட்டுந்தான் போட்டாங்க, யாரு ஓட்டறாங்கன்னு போடல, அதான் நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. இடது பக்கம் பூரா மாத்திட்டேன். புதுத் தகரம், புது பெயிண்ட். பல்பும் புதுசு, முன்னதைவிடப் பிரகாசமானது. பட்டப்பகல்லயே கண்ணு கூசும்.

ஆமா, இந்த மழைக் கோட்டுக்குள்ள போட்டிருக்கறது ரேஸ் உடுப்புதான். இப்பத்தான் கவனிச்சீங்களா? சின்னவனுக்கு ஓட்டக் கத்துக் குடுத்ததே நான்தானே. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனப்ப, இந்த வயசுல எதுக்குக்கான்னு சிரிச்சாங்க. தம்பி பாதியில விட்ட சீசன், முடிச்சுக் குடுத்துட்டு வரேன்னேன். கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டாங்க. நான் வண்டியை விட்டு எறங்கி வந்தது கூட விதிப்படிதான். எறங்கினாக் கடைசிக்குத் தள்ளுவாங்க. கடைசியில நிக்கிறவளை வேற எங்க தள்ளுவாங்க?

இப்ப ஏன் தலையை மேலயும் கீழயும் ஆட்டறீங்க? கேள்வி முடிஞ்சு போச்சே தம்பி. கையை ஆட்டாதீங்க, உங்க ஆளுங்க உங்களுக்கு வேர்க்குதுன்னு நெனைச்சுக்குவாங்க.

எப்படியும் நாலாவது ரவுண்டுலயோ அஞ்சாவதுலயோ என் முதுகுக்கு வந்துடுவீங்க. நான் மெதுவாத்தான் போவேன். தொட்டி வளைவுக்கு மேட்டுல ஏறும்போதே வலது பக்க விளக்கைப் போட்டுடுவேன். நல்லாத் தெரியும். சின்னவன் போட்டா, வலது பக்கம் உங்களுக்குன்னு அர்த்தம். நான் போட்டா என்ன அர்த்தம்னு இன்னும் யார்கிட்டயும் சொல்லல.

வரேன் தம்பி.